மானிட்டரைக் கழற்றியதும் விஎன்சி கருப்பாகிறது, கரண்ட் போய் வந்தால் சர்வரே கிடைப்பதில்லை

கேள்வி:

வணக்கம். அலுவலகத்தில் ஓடிக் கழிக்கப்பட்ட ஒரு டெஸ்க்டாப்பை வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5-6500, க்யூ170 சிப்செட், 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. உபுண்டு 22.04 டெஸ்க்டாப், லாகின் திரையில் எக்ஸ்ஆர்க் (பழைய திரை அமைப்பு) தேர்ந்தெடுத்து, எக்ஸ்11விஎன்சி (இந்தத் திரையை வேறு கணினியில் காட்டும் விஎன்சி வகை மென்பொருள்) ஓடவிட்டிருக்கிறேன். மானிட்டர் இருந்தவரை லேப்டாப்பிலிருந்து அருமையாக வேலை செய்தது. பரணில் ஏற்றி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் கழற்றிய நாளிலிருந்து இரண்டு தொல்லை. ஒன்று, விஎன்சியில் சில நேரம் வெறும் கருப்பு, சில நேரம் குறுகிய 1024×768 திரை. இரண்டாவதுதான் பெரிய தொல்லை: போன வாரம் கரண்ட் போய் வந்தபோது பெட்டியில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் பிங் (நெட்வொர்க்கில் இருக்கிறதா என்ற சோதனை) செய்தால் பதிலே இல்லை. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பரண் ஏற முடியாத சூழல் என்பதால் பட்டனை அழுத்தி அணைத்து இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. எந்த ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு மாறினால் இது தீரும்?

பதில் 1:

மென்பொருளை மாற்றினால் முதல் தொல்லை தீரலாம், இரண்டாவது தீராது. விஎன்சி, ஆர்டிபி (விண்டோஸ் பாணி ரிமோட் டெஸ்க்டாப்), எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வழி) எல்லாமே இயங்குதளம் முழுதாக எழுந்து நெட்வொர்க் கிடைத்த பிறகு ஓடுபவை. உங்கள் பெட்டி அதற்கு முன்னாலேயே எங்கோ நிற்கிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கருப்புத் திரைக்குக் காரணம் இது: மானிட்டர் தன்னால் என்னென்ன அளவுகளில் காட்ட முடியும் என்பதை ஈடிஐடி என்ற சிறு தரவாகக் கேபிள் வழியே சொல்கிறது. அது வராவிட்டால் கிராஃபிக்ஸ் சிப் 'எதிரில் யாரும் இல்லை' என்று முடிவு செய்துவிடும். எக்ஸ்11விஎன்சி புதிதாகத் திரை எதையும் உருவாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் திரையை நகலெடுத்து அனுப்புகிறது, அவ்வளவுதான். நகலெடுக்க ஒன்றும் இல்லையென்றால் அனுப்பவும் ஒன்றும் இருக்காது. எளிய தீர்வு ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் டம்மி ப்ளக். விரல் நீளம்தான் இருக்கும், உள்ளே ஈடிஐடி பதிந்த சிறு சிப். அதைச் செருகினால் மானிட்டர் இருப்பதாகவே கணினி நினைத்துக்கொள்ளும்.

வன்பொருள் வேண்டாம் என்றால் எக்ஸ்ஆர்டிபி (லினக்ஸுக்கான ஆர்டிபி சர்வர்) போடுங்கள். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அமர்வு உருவாக்குவதால் மானிட்டர் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: அதே பயனர் நேரடித் திரையிலும் லாகின் ஆகியிருந்தால் க்னோமில் (உபுண்டுவின் டெஸ்க்டாப்) மறுபடியும் கருப்புத் திரைதான் வரும். தானியங்கி லாகினை எடுத்துவிடுங்கள்.

பதில் 2:

முதலில் ஒன்று கேட்கிறேன், உங்களுக்கு டெஸ்க்டாப் எதற்கு? கோப்புப் பகிர்வு, பேக்கப், சில கண்டெய்னர்கள் என்றால் எஸ்எஸ்எச்சும் காக்பிட்டும் போதும். காக்பிட்டை நிறுவி, பிரவுசரில் சர்வர் முகவரியோடு 9090 போர்ட்டைத் திறந்தால் டிஸ்க், சேவைகள், லாக், அப்டேட் எல்லாம் அங்கேயே பார்க்கலாம், ஒரு டெர்மினலும் இருக்கிறது. நான் பல வருடம் விஎன்சியோடு போராடிவிட்டு இதற்கு வந்தவன். வாரம் ஒரு முறை ஒரு பொத்தானை அழுத்துவதற்காக முழு க்னோமையும் இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

எதை வைத்தாலும் ரவுட்டரில் 5900, 3389 போர்ட்டுகளை (விஎன்சி, ஆர்டிபி பயன்படுத்துபவை) வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். பழைய விஎன்சி கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளைத்தான் பார்க்கும், நீங்கள் இருபது எழுத்து கொடுத்தாலும் அவ்வளவுதான். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் வயர்கார்ட் (ஒரு விபிஎன்) வழியாக வாருங்கள், வீட்டுக்குள்ளேயே என்றாலும் எஸ்எஸ்எச் டனல் (விஎன்சியை எஸ்எஸ்எச் இணைப்புக்குள் அனுப்புவது) நல்லது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. யோசித்துப் பார்த்தால் டெஸ்க்டாப் தேவையே இல்லைதான், பழக்கத்தில் வைத்திருந்தேன். ஆனால் இப்போது பெட்டியே எழவில்லையே, அதற்கு என்ன செய்வது?

பதில் 3:

இந்த ஒரு முறை எப்படியாவது மானிட்டரை இணைத்துப் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. என் சந்தேகம் இரண்டு இடத்தில். பயாஸ் (இயங்குதளத்துக்கு முன் ஓடும் தொடக்க நிரல்) 'கீபோர்டு இல்லை' என்று நின்று எஃப்1 அழுத்தச் சொல்லிக் காத்திருக்கலாம். ஆனால் கீபோர்டைக் கழற்றிய பிறகு ஒரு முறையாவது ஒழுங்காக எழுந்திருக்கிறது என்றால் அது இல்லை. அப்படியானால் எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை மவுண்ட் செய்ய, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) கோப்பைப் பாருங்கள். யுஎஸ்பி டிஸ்க் எதையாவது அதில் எழுதியிருக்கிறீர்களா? அந்த டிஸ்க் வராவிட்டால் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் நிரல்) 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். அங்கே நெட்வொர்க்கும் கிடையாது, எஸ்எஸ்எச்சும் கிடையாது, என்டர் அழுத்தச் சொல்லித் திரையில் நிற்கும். பரணில் அதை யார் பார்ப்பது?

அப்புறம், உங்கள் பெட்டியைப் பற்றி நல்ல செய்தி ஒன்று. க்யூ170 சிப்செட்டும் ஐ5-6500ம் சேர்ந்தால் பெரும்பாலும் இன்டெல் ஏஎம்டி (AMT, தொலைவிலிருந்து கணினியை நிர்வகிக்கும் வசதி; AMD நிறுவனம் அல்ல) உள்ளேயே இருக்கும். அது இயங்குதளத்துக்குக் கீழே ஓடுவது. மின்சாரமும் போர்டில் உள்ள லேன் போர்ட்டில் கேபிளும் இருந்தால் போதும், கணினி அணைந்திருந்தாலும் வேறொரு கணினியிலிருந்து ஆன் செய்யலாம், பயாஸ் திரையைக்கூடப் பார்க்கலாம். பூட் ஆகும்போது கன்ட்ரோல்+பி (Ctrl+P) அழுத்தினால் அதன் அமைப்புப் பக்கம் வரும். தொடக்கக் கடவுச்சொல் 'அட்மின்', உடனே மாற்றச் சொல்லும். பிறகு பிரவுசரில் 16992 போர்ட், திரையைப் பார்க்க மெஷ்கமாண்டர் என்ற மென்பொருள். ஏஎம்டி வழியாகத் திரை பார்ப்பதற்கும் டம்மி ப்ளக் வேண்டியிருக்கும், ஆகவே அதை எப்படியும் வாங்கி வையுங்கள். 2017இல் ஏஎம்டியில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழையக்கூடிய பெரிய ஓட்டை ஒன்று வெளியானது, உங்கள் தலைமுறையும் அதில் உண்டு. பயாஸைப் புதுப்பிக்காமல் இதை இயக்காதீர்கள், இயக்கிய பிறகும் வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே விடாதீர்கள்.

ஏஎம்டி இல்லாத கணினிகளுக்கு பைகேவிஎம் இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஹெச்டிஎம்ஐ படத்தைப் பிடித்து பிரவுசரில் காட்டும், மறுபக்கம் யுஎஸ்பி கீபோர்டாக நடிக்கும், ஐஎஸ்ஓ கோப்பைக்கூட (நிறுவல் டிஸ்க்கின் நகல்) சிடி போல மாட்டும். நல்ல பொருள்தான். உங்களுக்கு அந்தச் செலவு தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:

எஃப்எஸ்டேப்தான்! பக்கத்து வீட்டு நண்பரை அழைத்து மானிட்டரை மேலே ஏற்றினோம், எமர்ஜென்சி மோடில் நின்றுகொண்டிருந்தது. பேக்கப் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர், கரண்ட் வந்தபோது அது மட்டும் செத்துப்போயிருக்கிறது. எஃப்எஸ்டேப்பில் அந்த வரியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற குறிப்பு) சேர்த்து, காத்திருக்கும் நேரத்தை 10 நொடியாகக் குறைத்தேன். டிஸ்க்கைக் கழற்றிவிட்டே ரீஸ்டார்ட் செய்தேன், இரண்டு நிமிடத்துக்குள் எஸ்எஸ்எச் கிடைத்தது. பயாஸில் கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது 'கடைசி நிலை' என்று இருந்ததை 'பவர் ஆன்' ஆக்கிவிட்டேன். டெஸ்க்டாப்பை நிறுத்தி மல்டி யூசர் டார்கெட்டுக்கு (திரை இல்லாமல் பூட் ஆகும் நிலை) மாற்றியாயிற்று, காக்பிட் ஓடுகிறது. டம்மி ப்ளக் வந்ததும் ஏஎம்டி திரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பதில் 3:

மகிழ்ச்சி. நோஃபெயில் போட்டவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அதையும் இப்போதே அடைத்துவிடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்த வெற்று ஃபோல்டர் அங்கேயே இருக்கும், உங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் எதுவும் தெரியாமல் அதற்குள் எழுதிக்கொண்டே போய் ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். பேக்கப் இருப்பதாக நீங்களும் நம்பிக்கொண்டிருப்பீர்கள். மவுண்ட்பாயிண்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் அதை வைத்துச் சோதித்து, மவுண்ட் ஆகவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:

நேற்றிரவு பேக்கப் ஓடிய நேரத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன், 40 ஜிபி அந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அழித்துவிட்டு அந்தச் சோதனையைச் சேர்த்துவிட்டேன். புது அடாப்டர் வரும்வரை பேக்கப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன்.