சான்டர்சன் பக்கம் ஒரு கிராசிங்

போன வாரம் இங்கே ஒருவர், "அமெரிக்கர்களோடு அரசியல் மட்டும் பேசாதீர்கள், சண்டையில்தான் முடியும்" என்று எழுதியிருந்தார். வீட்டு விருந்துக்கு அது சரி. ரயிலுக்குப் பொருந்தாது.

நான் ஹூஸ்டன்வாசி. மக்கள்தொகையில் அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம். இங்கிருந்து வெளியூருக்கு ரயில் வாரத்தில் மூன்றே நாள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகிற அந்த ஒரே வண்டிதான். ஸ்டேஷனைப் பார்த்தால், நம்ம ஊர் தாலுகா ஸ்டேஷன் அதைவிடக் களையாக இருக்கும். டெக்சாஸின் மேற்குக் கோடியில் இருக்கும் எல் பாசோவில் ஒரு வேலை வந்தது. விமானத்தில் இரண்டு மணி நேரம். வேண்டுமென்றே ரயிலில் போனேன். "கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி.

சாப்பாட்டுப் பெட்டியில் மேசைக்கு நாலு பேர். தனியாகப் போனால் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வைத்துவிடுவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு எனக்கு எதிரே ஒரு தம்பதி. கணவருக்கு எழுபது இருக்கும், ஈராக்கில் இருந்த முன்னாள் ராணுவக்காரர். என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். ஜன்னலுக்கு வெளியே மேற்கு டெக்சாஸ். கள்ளி, கல், மறுபடி கள்ளி.

பேச்சைத் தொடங்கியவர் அவர்தான். "பாக்தாத் பக்கம் ஒரு ரோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டோம். எங்க ஊர் ஸ்டேஷன் கூரை நான் பையனா இருந்தப்பவே ஒழுகுச்சு, இப்பவும் ஒழுகுது" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வேறு பக்கம். இஸ்ரேலுக்குப் போகிற ஆயுதம், காசா. அதில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இருவரும் எதிரெதிர்க் கட்சி என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் நம் காசு வெளியே போகிறது, வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்ற இடத்தில் இருவரும் ஒரே குரல்.

அந்த அம்மாவுக்கு அலபாமாவின் மொபைல் நகரத்தில் அக்கா இருக்கிறாராம். இதே ரயில் ஒருகாலத்தில் அந்த வழியாக ஃபுளோரிடா வரை ஓடியது. 2005-ல் கத்ரீனா புயலில் தண்டவாளம் போனது. சில மாதங்களிலேயே சரிசெய்து சரக்கு வண்டிகளை விட்டார்கள். நியூ ஆர்லியன்ஸுக்கும் மொபைலுக்கும் நடுவே பயணிகள் ரயில் திரும்பி வந்தது 2025 ஆகஸ்டில். இருபது வருஷம்! "அக்காவுக்கு மூட்டு வலி வந்த பிறகுதான் ரயில் வந்தது" என்றார் அந்த அம்மா.

சான்டர்சன் என்ற சிற்றூர் நெருங்கும்போது வண்டி நின்றது. நம்ம பாஷையில் சொன்னால் கிராசிங். நாங்கள் ஒதுங்கி நிற்கிற லூப் லைனில். பக்கத்து லைனில் சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்து வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்கள், பாதிக்கு மேல் சீனக் கப்பல் கம்பெனிகளின் பெயர். அந்தப் பெண் எண்ண ஆரம்பித்து நூற்றி இருபதில் விட்டுவிட்டாள். முட்டை ஆறிப்போனது. பெரியவர் முள்கரண்டியால் ஜன்னலைக் காட்டினார்.

"சீனாவைத் திட்டாத அரசியல்வாதி இந்த நாட்டில் இல்லை. ஆனா அவன் சரக்குக்கு வழிவிட்டு நாமதான் ஓரமா நிக்கிறோம்."

மேசையே சிரித்தது. பிறகு ஒரு காகித நாப்கினில் அவர் கோடு போட்டுக் காட்டினார். பயணிகள் ரயிலுக்குத்தான் முதல் வழி என்று சட்டமே இருக்கிறது, 1973 முதல். ஆனால் தண்டவாளம் சரக்குக் கம்பெனிக்குச் சொந்தம். அவர்கள் வண்டியை லூப் லைனைவிட நீளமாகக் கோத்துவிட்டால், ஒதுங்க அதற்கு இடமே இருக்காது. ஒதுங்கக்கூடியது நம் வண்டிதான். சட்டம் என்ன செய்யும்?

போருக்குக் கொட்டியதால்தான் ரயிலுக்கு இல்லை என்பதில் எனக்குப் பாதி சம்மதம்தான். போர் நின்ற வருஷங்களில் மட்டும் ரயிலுக்கு அள்ளிக் கொடுத்தார்களா? 1956-ல் அதிபர் ஐசனோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது, பெட்ரோல் வரியிலிருந்து சாலைக்கென்றே தனி உண்டியல் வைத்தார்கள். தனியார் கம்பெனிகள் இனி முடியாது என்று கைவிட்ட பயணிகள் வண்டிகளை வைத்து 1971-ல் ஆம்ட்ராக் என்ற அரசு ரயில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அப்படி ஓர் உண்டியல் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் ரயிலுக்கென்று 6,600 கோடி டாலர் ஒதுக்கினார்களே, மனசு வைத்தால் பணம் வருகிறது. 2024 நிதியாண்டில் ஆம்ட்ராக் 3.28 கோடிப் பயணிகளை ஏற்றியதைச் சாதனை என்றார்கள். இந்திய ரயில்வேக்கு அது இரண்டு நாள் வேலை.

மறுமொழி, நியூ ஜெர்சியிலிருந்து

அண்ணே, மன்ஹாட்டனுக்குத் தினம் போய்வரும் எங்கள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வழியில் ஹாக்கென்சாக் ஆற்றின் மேல் போர்ட்டல் ரயில் பாலம், 1910-ல் கட்டியது. படகு வந்தால் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். சில சமயம் திரும்பியது திரும்பியபடியே நின்றுவிடும். அப்போது சம்மட்டியால் அடித்துத்தான் பூட்டுவார்கள். நான் கதை விடவில்லை, எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான். என் பெட்டியில் வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் பாலம் வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுவார். தாண்டியதும் மறுபடி பிரிப்பார். "பழக்கம்" என்பார், வேறொன்றும் சொல்ல மாட்டார்.

ஹட்சன் ஆற்றுக்கு அடியில் இருக்கும் ரயில் சுரங்கங்களும் அதே 1910. 2012-ல் சாண்டி புயலில் உப்புத் தண்ணீர் புகுந்து சுவரையும் கேபிளையும் அரித்துவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், செலவு கைமீறும் என்று சொல்லி அப்போதைய நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி புதுச் சுரங்கத் திட்டத்தை ரத்து செய்திருந்தார். இன்ஜினியர் குடியரசுக் கட்சிக்காரர், கிறிஸ்டிக்கு ஓட்டுப் போட்டவர். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தப் பக்கம் இப்போது 2022-ல் வேலை தொடங்கிய புதுப் பாலத்தின் வளைவுகள் தெரியும்.

மறுமொழி, முன்பு கன்சாஸில் இருந்தவர்

ஒரே ஒரு திருத்தம். குடியரசுக் கட்சி என்றாலே ரயிலுக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். 2018-ல் சிகாகோ–லாஸ் ஏஞ்சல்ஸ் ரயிலை நடுவில் வெட்டி, டாட்ஜ் சிட்டியிலிருந்து ஆல்புகெர்க்கி வரை பஸ் விடலாம் என்று ஆம்ட்ராக் யோசித்தது. தடுத்தவர்கள் கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ செனட்டர்கள், இரண்டு கட்சியும் சேர்ந்து. அங்கே எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி டிரம்ப் கொடி கட்டியவர். ரயிலை நிறுத்தக்கூடாது என்று செனட்டருக்குத் தன் கையால் மூன்று கடிதம் எழுதினார். ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டது நான்.

பதிவு எழுதியவர்

அந்தப் பாட்டியை எங்கள் மேசையில் உட்கார வைத்திருக்க வேண்டும்! கேட்டவர்களுக்கு: எல் பாசோவுக்கு எவ்வளவு தாமதம் என்று நான் மணி பார்க்கவில்லை. பிளாட்பாரத்தில் சுடச்சுட பரிட்டோ விற்றார்கள். பெரியவர் இரண்டு வாங்கி, ஒன்றை என் கையில் திணித்தார். "காலையில முட்டை ஆறிப்போச்சே, இதையாவது சூடா சாப்பிடு" என்றார்.