லினோவில் நோல்டேயின் கரடுமுரடு வரவில்லை, ஏன்?

கேள்வி (மைக்கறை):
ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டேயின் ‘தீர்க்கதரிசி’ (1912) என்ற முகப் படம் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது; அதைப் பயிற்சிக்காக 3.2 மி.மீ. லினோ (லினோலியம்) தகட்டில் செதுக்கினேன். கோடெல்லாம் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி வழவழவென்று இருக்கிறது. கட்டிக் கறுப்பு வரவேண்டிய இடத்தில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். தண்ணீர் மை, 200 கிராம் (சதுர மீட்டருக்கு) வரைதாள். அச்சு பிரஸ் இல்லை, தாளின் முதுகைக் கரண்டியால் தேய்க்கிறேன். மரத்துக்கு மாறினால் இரண்டும் சரியாகுமா?

பதில் (உளிமுனை):
முதலாவது சரியாகும், இரண்டாவது ஆகாது. லினோ என்பது கெட்டிப்பட்ட ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும்தான். மரத்தில் ஓடும் இழை ரேகை இதில் கிடையாது, உளி எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி வழுக்கும். நோல்டே நம்பியதோ மரத்தின் முரண்டை.

பைன் பலகை எடுங்கள். கம்பி பிரஷ்ஷால் ரேகை ஓட்டத்திலேயே அழுத்தித் தேய்த்தால் மென்பகுதி பள்ளமாகி, கடினக் கோடுகள் மேலெழும்; கறுப்புக்குள்ளே ரேகை தெரிவது அப்படித்தான். ரேகைக்குக் குறுக்கே வி (V) வடிவ உளியைத் தள்ளினால் சிராய் பெயரும். நெற்றியில் பெயரட்டும், அழகுதான். கண்ணிமையில் பெயரக் கூடாது; அங்கே முதலில் இருபுறமும் கத்தியால் சாய்வாகக் கீறிவிட்டு, பிறகு நடுவை எடுங்கள். மலிவு பிளைவுட் வேண்டாம். மேலேடு உரிந்து, தனித்து நிற்கும் சின்னத் திட்டுகள் கையோடு வந்துவிடும்.

பதில் (ஈயக்கரண்டி):
உப்புப் புள்ளிக்குக் காரணம் தாளும் மையும். 200 கிராம் தாள் கரண்டிக்கு வளைந்து கொடுக்காது. 40 கிராம் அளவிலான ஜப்பானியத் தாள் போதும். தண்ணீர் மை நம் வெயிலில் நீங்கள் தாள் வைப்பதற்குள் காய்ந்துவிடும், எண்ணெய் மைக்கு மாறுங்கள். லினோவின் மேற்பரப்பை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் மை ஒட்டும்.

ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை ஓட்டுங்கள். ரோலர் ‘சர்ர்’ என்று மெல்ல ஒலிக்க வேண்டும். சப்பென்று ஒட்டி, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி எழும்பினால் மை அதிகம். நுண்கோடுகள் அடைபட்டுப் போகும். தேய்க்கும்போது ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள், வெளுப்பாக இருந்தால் அப்படியே படுக்கவைத்து அங்கே மறுபடி தேய்க்கலாம்.

பதில் (இரட்டைவண்ணம்):
லினோவை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். 1905-இல் டிரெஸ்டனில் தொடங்கிய ‘பாலம்’ (Die Brücke) ஓவியர் குழுவினரும் அதில் செதுக்கியவர்கள்தான். அகன்ற தட்டை வடிவம் வேண்டுமானால் இன்றும் லினோதான் வசதி.

அடுத்து வண்ணத்துக்குப் போவதாக இருந்தால் அதே குழுவின் எரிக் ஹெக்கலின் ‘படுத்திருக்கும் ஃப்ரான்ஸி’ (1910) பாருங்கள். கட்டையையே அறுத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கறுப்பும் சிவப்பும் பூசி, திரும்பப் பொருத்தி ஒரே தடவையில் அச்சிட்ட வேலை. வண்ணத்துக்கு வண்ணம் நேர்பொருத்தும் தலைவலி இல்லை. ரம்பம் தின்ற தடிமன் மட்டும் வெள்ளைக்கோடாக நிற்கும்; மெல்லிய பிளேடு போட்டால் அதுவும் குறையும். அந்தக் கோட்டை உருவத்தின் வெளிக்கோடாகவே முதலிலிருந்து திட்டமிட்டு வரைந்துகொள்ளுங்கள்.