பழைய டிஸ்கி கோப்புகளை எப்போது கைகழுவலாம்?

பாம்பன்_கணக்கு:
மீன் ஏலக் கணக்குக்காக 2003-ல் நான் எழுதிய சின்ன கட்டற்ற மென்பொருள், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சில கடைகளில் இன்னும் ஓடுகிறது. அப்போது பெயர்களை டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தேன். இப்போது எல்லாம் யுனிகோடு. பழைய கோப்பைத் திறக்கும் பகுதி மட்டும் வால் மாதிரி தொங்குகிறது. டிஸ்கியில் 'கொ' என்றால் கொம்பு முதலில், அப்புறம் ககரம், கடைசியில் கால். யுனிகோடிலோ ககரம்தான் முதலில். அப்படி வரிசை மாற்றவே இருநூறு வரி நிரல். கூட எழுதும் தம்பி, "தூக்கிருவோம்ணே" என்கிறான். மூன்று கடைகளின் பழைய பாக்கி இன்னும் அந்தக் கோப்புகளில்தான் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

தொண்டி_நிரலர்:
தூக்காதீர்கள், உள்ளேயும் வைக்காதீர்கள். பழையதைப் படித்து யுனிகோடாக எழுதித் தரும் தனி நிரலாகப் பிரித்துவிடுங்கள். அடுத்த வெளியீட்டில் எச்சரிக்கை மட்டும் காட்டட்டும். பதிப்பின் முதல் எண் மாறும்போது நீக்கலாம். பைத்தான் என்ற நிரல் மொழியில் 3-ம் பதிப்பு வந்தது 2008-ல், பழைய 2-ம் பதிப்புக்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-ல். அவர்களுக்கே பதினோரு வருஷம் பிடித்தது! கடைகளில் மாற்ற மீன்பிடித் தடைக்காலம்தான் தோது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும், கணக்குப்பிள்ளைக்கும் கை ஓய்வு.

கீழக்கரை_பாய்:
யுனிகோடுக்கு வந்ததும் நிம்மதி என்று நினைக்காதீங்க அண்ணே. படகுப் பெயர்களில் 'ஸ்ரீ' இருக்குமே, அதைத் தேடிப் பாருங்க. 2005-ல் யுனிகோடு 4.1-ல் 'ஶ' வந்தது. அதற்கு முன் அடித்த ஸ்ரீ, 'ஸ'வில் தொடங்கும். அப்புறம் வந்தவற்றில் சில 'ஶ'வில். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. இயல்பாக்கமும் இவற்றைச் சேர்க்காது. ஒருமுறை கொடுத்த எழுத்தை யுனிகோடு திரும்பப் பிடுங்குவதில்லை, அதனால் இரண்டும் இருக்கத்தான் செய்யும். சேமித்ததைத் தொடாமல், தேடும்போது மட்டும் ஒன்றாக்கிக்கொள்ளுங்க.

பாம்பன்_கணக்கு:
பாய், நீங்கள் சொன்னது சரி. ஒரே படகு இரண்டு பேரேடாக நிற்கிறது. ஒன்றில் பாக்கி, இன்னொன்றில் வரவு. கட்டின பணத்தைக் காணோம் என்று படகுக்காரர் போன வருஷம் சண்டைக்கு வந்தாரே, இதுதானா! அவரிடம் மன்னிப்புக் கேட்கணும். தனி நிரலாகவே பிரிக்கிறேன், கடைகளில் மாற்றுவது தடைக்காலத்தில். ஒரு கடைக்காரர் மட்டும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் தொடவிட மாட்டார், "நல்லாத்தானே ஓடுது" என்பார். அவருக்குப் பழைய பதிப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.