வேப்பர் லாக்: ஆவியடைப்பா, ஆவிமுடக்கமா?

அன்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

நம் கையேட்டில், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலந்து என்ஜினுக்குத் தரும் கருவி) உள்ள வண்டிகளுக்கான பழுதுநீக்கக் குறிப்புகளில் ‘வேப்பர் லாக்’ என்பதற்கு, அதாவது வெப்பத்தால் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும் கோளாறுக்கு, இதுவரை இரண்டு தமிழ்ச் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ‘ஆவிப்பூட்டு’ சாவி போட்டுத் திறக்கும் பொருளையே நினைவூட்டுவதால் அதை விட்டுவிடலாம். ‘ஆவியடைப்பு’ என்று எழுதிய நண்பர் மாரடைப்பையும் மூக்கடைப்பையும் முன்மாதிரியாகக் காட்டியிருந்தார். கேட்டவுடன் விளங்கும் அழகான சொல் அது. ஆயினும் அதை ஏற்பதற்கு முன், வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 போன்ற வண்டிகளில் பெட்ரோல் டாங்க் பின்னால் இருக்கிறது. பம்போ முன்னால், என்ஜின்மீதே பொருத்தப்பட்டு, என்ஜினின் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு சுழலும்போது இயங்குகிறது. மெக்கானிக்குகள் ‘ஏசி பம்ப்’ என்பது இதைத்தான்; குளிரூட்டும் ஏசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுவதற்கு முன் வண்டியின் மறுகோடியிலிருந்து உறிஞ்சியாக வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை என்பதால் அதன் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் அண்ணா சாலையில் நின்று நின்று நகரும் வண்டியின் பானெட்டுக்குள் வெப்பம் அதைவிட வெகுவாகக் கூடியிருக்கும். பெட்ரோலில் இப்போது கலந்து வரும் எத்தனாலும் ஆவியழுத்தத்தை உயர்த்தி, அது எளிதில் ஆவியாக வழிசெய்கிறது. பம்புக்குள் ஆவி சேர்ந்ததும், அதன் சவ்வு நீர்மத்தைத் தள்ள வழியின்றி, ஆவியை அமுக்குவதிலும் விரியவிடுவதிலுமே தன் வீச்சு முழுவதையும் செலவழிக்கிறது. குழாய் திறந்திருக்கிறது, பம்பும் அசைகிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைக்குப் பெட்ரோல் மட்டும் வந்து சேர்வதில்லை.

ஆகவே இங்கே எதுவும் வழியை அடைக்கவில்லை என்பதே என் முதன்மையான மறுப்பு. இது வெறும் சொல்நுணுக்கம் அன்று. புதுப்பேட்டையில் எந்தப் பட்டறையிலும் ‘அடைப்பு’ என்று சொன்னால், ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையில்) தூசி, ஃபில்டரில் துரு என்றே கொள்வார்கள். உடனே கார்புரேட்டரைக் கழற்றிக் காற்றடித்து ஊதுவார்கள். அதற்குள் என்ஜின் ஆறிவிடும், வண்டியும் கிளம்பிவிடும், சுத்தம் செய்ததால்தான் சரியாயிற்று என்ற முடிவு பிறந்து, அடுத்த நண்பகலில் அதே சிக்னலில் வண்டி மீண்டும் நிற்கும். பெயரே தவறான கருவியைக் கையில் கொடுத்துவிடக் கூடாது.

உண்மையான அடைப்பு வேறுவிதமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஃபில்டர் அடைத்திருந்தால் ஐடிலிங்கில் என்ஜின் ஒழுங்காக ஓடி, வேகமெடுக்கும்போதோ மேம்பாலம் ஏறும்போதோ திணறும். டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்துக்கொண்டால்தான் ஏமாற்றம் மிகுதி. சற்று நேரம் நிறுத்தி வைத்தால் அதுவும் தானே சரியாகிவிடுவதால், பலர் அதை வெப்பக் கோளாறு என்றே நம்புகிறார்கள். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு வண்டி கிளம்பினால் குற்றம் மூடியினுடையது. பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி போட்டுக் குளிரவைத்த பிறகு பெட்ரோல் வரத் தொடங்கினால் அது ஆவியின் வேலை. உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்து வெளிக்காற்று புகுவதை ‘ஏர் லாக்’ என்கிறார்கள். அது காலைக் குளிரிலும் வரும் என்பதால் அதற்குத் தனிச்சொல் தேவை.

இவற்றையெல்லாம் கருதி ‘ஆவிமுடக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். உறுப்பு பழுதின்றி இருக்க, அதன் செயல் மட்டும் நின்றுபோவதை ‘முடக்கம்’ சரியாகச் சொல்கிறது. மேலும், பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் எதிர்ப்பின்றி உள்ளே இறங்கிவிடுவதற்கும் ‘வேப்பர் லாக்’ என்ற இதே பெயர்தான் வழங்குகிறது. அங்கே ‘அடைப்பு’ சற்றும் பொருந்தாது, ‘ஆவிமுடக்கம்’ அப்படியே பொருந்தும். அதே முறையில் வெளிக்காற்றால் வருவதைக் ‘காற்றுமுடக்கம்’ எனலாம். தூசிக்கும் துருவுக்கும் மட்டும் ‘அடைப்பு’ இருக்கட்டும்.

இன்னொன்றையும் இதனோடு சேர்த்துவிடக் கூடாது. சூடான வண்டியை நிறுத்தி, கடைக்குள் சென்று திரும்புவதற்குள், மிதவை அறையிலுள்ள பெட்ரோல் அடுப்பில் வைத்த பால்போலப் பொங்கி ஜெட் வழியே, என்ஜினுக்குள் செல்லும் மேனிஃபோல்டு குழாயில் வழிந்துவிடும். அப்போது பெட்ரோல் நெடி அடிக்கும். சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுவிக்கும் இழுப்பு) இழுக்காமல், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆவிமுடக்கத்தில் எரிபொருள் போதவில்லை, இதில் மிகுந்துவிட்டது. இதற்குக் ‘கொதிவழிவு’ என்று எழுதலாமா என்பதைக் குழுவினர் தெரிவிக்க வேண்டுகிறேன். கையேட்டில் இச்சொற்கள் முதன்முறை வரும் இடத்தில் பட்டறைச் சொல்லையும் அருகிலேயே தந்துவிடலாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்