ரெண்டு பேரும் 66 கிலோ, எனக்கு மட்டும் ஏன் சர்க்கரை?

ஈசூன்வாசி:
வயது 46, உயரம் 170, எடை 66 கிலோ. மனைவி 158, அவரும் அதே 66 கிலோ. போன வாரம் ரெண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்தோம். எனக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையாம், அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) பார்த்தால் எனக்கு 22.8, அவருக்கு 26.4. இங்கே சிங்கப்பூரில் 23ஐத் தொட்டால்தான் ஆபத்து என்கிறார்கள், அப்படியென்றால் மாட்டியிருக்க வேண்டியது அவர்தானே? எனக்குக் கை கால் எல்லாம் குச்சி, கொஞ்சம் தொப்பை, அவ்வளவுதான். அவருக்கு எடை முழுக்கத் தொடையிலும் பின்பக்கத்திலும். டாக்டர் "தொப்பையைக் குறைங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஆனால் என் கால்சட்டை அளவு 33தான், 84 சென்டிமீட்டர். இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று படித்தேன். அப்புறம் எதைக் குறைப்பது?

முன்னாள்_தாதி:
தம்பி, கால்சட்டை அளவை நம்பாதீங்க. தொப்பை உள்ள ஆண்கள் எல்லாரும் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் கட்டுவீங்க. என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாக ஒரே சைஸ், தொப்பை மட்டும் முன்னே போய்க்கொண்டிருக்கிறது! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வையுங்க, மூச்சை இயல்பாக விட்டுவிட்டு, எக்காமல் அளங்க.

அப்புறம் உங்க கேள்வி. கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான் விஷயம். ழான் வாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1947லேயே உடல் பருமனை ஆண்பாங்கு (வயிற்றில்), பெண்பாங்கு (தொடையில்) என்று பிரித்தார், இப்போது ஆப்பிள், பேரிக்காய் என்கிறோம். உங்க மனைவியின் தொடையில் இருப்பது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, உண்டியல் மாதிரி, போட்டதைச் சுலபத்தில் வெளியே விடாது. உங்களுக்குக் குடலைச் சுற்றி அதிகம் சேர்ந்திருக்கலாம். அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் கலக்கிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டால் இன்சுலின் சொல்வதை அது கேட்காது.

காலாங்_ஓட்டக்காரன்:
தினம் 100 சிட்-அப் போடுங்க பாஸ், ஒரே மாசத்தில் காணாமல் போய்விடும்.

பழைய_சோறு:
மேலே சொன்னவர் கோவிக்க வேண்டாம், சிட்-அப் போட்டால் வயிற்றுத் தசை கெட்டியாகும், அதன்மேல் தொப்பை அப்படியே உட்கார்ந்திருக்கும். வேக நடையும் சாப்பாட்டில் குறைப்பதும்தான் வழி. உள்கொழுப்பு அதற்கு நன்றாகவே இறங்கும், அதுதான் ஆறுதல். தே தாரிக்கை (இனிப்புப் பால் தேநீர்) விட்டு கோப்பி ஓ கொசொங்குக்கு (பாலும் சீனியும் இல்லாத காப்பி) மாற எனக்கே மூன்று மாசம் பிடித்தது.

ஒல்லியாகத் தெரிந்தும் உள்ளே கொழுப்பு இருப்பது நம்ம இந்தியர்களிடம் அதிகம். புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், பிரிட்டனின் யுட்கின் என்று ரெண்டு டாக்டர்கள் தங்களையே அளந்து 2004இல் எழுதினார்கள். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்த்தால் ரெண்டு பேரும் ஒல்லிதான்.

மல்லிகா_தெம்பனிஸ்:
மனைவியை ஒரேயடியாகத் தப்பித்தவராக நினைக்காதீங்க அண்ணே. 26.4 ஒன்றும் நல்ல கணக்கு இல்லை, முட்டி வலி வரவும் அந்த எடை போதும். மாதவிடாய் நின்றபின் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு வரத் தொடங்கும், எனக்கு 51இல் பேரிக்காய் ஆப்பிளானது. இன்னொன்று, ரெண்டு காலும் ஒரே மாதிரி பருத்து, தொட்டாலே வலித்து, சும்மா இடித்தாலும் கன்றிப்போய், பாதம் மட்டும் மெலிவாக இருந்தால் அது லிப்பிடீமா என்ற கொழுப்புக் கோளாறாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டணும். பட்டினி கிடந்தாலும் அது அவ்வளவாகக் குறையாது.

ஈசூன்வாசி:
கால் வலி, கன்றல் எதுவும் இல்லையாம், கேட்டுவிட்டேன். தையல் டேப்பை எடுத்து அவரே எனக்கு அளந்தார். முதலில் 88 வந்தது. "மூச்சை விடுங்க" என்றார். 93. அவருக்கு 79. அந்தத் துண்டுச்சீட்டு இப்போது குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது, கண்டென்ஸ்ட் மில்க் டின்னைத்தான் காணோம்.