உவரி பக்கத்துத் தருவை, கழிமுகம், குளங்களைப் பட்டியல் போட உதவி வேண்டும்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் உவரியில் இருந்து திசையன்விளை வரைக்கும் உள்ள நீர்நிலைகளை, ஒரு தாங்கல் விடாமல், பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறேன். பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டதாக 2022-லேயே அறிவித்துவிட்டார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் நம்பியாறு கடலில் சேருகிற கழிமுகமும், தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் மழைக்கு மட்டும் நிரம்புகிற தருவைகளும் யார் கண்ணிலும் படுவதில்லை. கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும், சித்திரையில் வெடித்த களிமண்ணும் வெள்ளையாக உப்புப் படிவும்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தரிசு என்று மண்ணடித்து விடுகிறார்கள். போன வாரம் ஓர் இடத்தில் உமிரி என்கிற உவர்நிலச் செடி செக்கச்செவேல் என்று படர்ந்திருக்க, நடுவில் நெடுங்கால் உள்ளான் நாலு நின்றன. அந்த இடத்துக்குப் பேர் சொல்ல ஆளில்லை.

எனக்கு வேண்டியது, உங்கள் ஊரில் தண்ணீர் தேங்கும் இடத்தின் பழைய பேர், தெரிந்தால் புல எண் (சர்வே நம்பர்), ஒரே இடத்தில் நின்று மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக எடுத்த போட்டோ. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளில் பாசனத்துக்கென்றே வெட்டிய குளங்கள் ஈரநிலமாகச் சேராது, அதனால் மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்), மறுகால் (நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் இடம்) இருக்கிறதா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். நில ஆவணம் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது ஒரு நாள் கூட வந்தால் பெரிய உதவி. அப்புறம், வீட்டில் ஆச்சி, தாத்தா இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.