புதுப்பிப்பு: கோத்தகிரி காப்பகங்களும் பால்னா நிதியும்

‘மானியம் வந்தால் ஆயாக்கள் வேலையில் நீடிப்பார்கள்’ என்று முன்பு எழுதியது பாதிதான் சரி. பால்னா என்பது வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கான பகல்நேரக் காப்பகத் திட்டம்; அதன் விதிப்படி காப்பகம் மாதம் 26 நாள், தினமும் ஏழரை மணி நேரம். 6 மாதம் முதல் 6 வயது வரை 25 குழந்தைகள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மா எட்டு மணிக்குப் பிள்ளையை விட்டால், எடை போட்டுத் திரும்ப ஐந்தாகிவிடும். மிச்ச ஒன்றரை மணி நேரத்துக்கு ஆயாக்களுக்குக் கூலி கிடையாது. ஆள் நழுவுவது அங்கேதான்.

இதைச் சமாளிக்க, காப்பகப் பணியாளரை எட்டுக்கும் உதவியாளரை ஒன்பதரைக்கும் வரச் சொல்லலாம். ஆனால் காலையும் மாலையும் ஒருவரே இருப்பார். கைக்குழந்தைகள் அதிகமென்றால் இது வேண்டாம்.

நிதி மத்திய, மாநிலப் பங்காக 60:40. பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணை தள்ளிப்போகும், சம்பளமும்தான். அதனால் வருகைப் பதிவேட்டை அன்றன்றே எழுதிவிடுங்கள்.